ஐசிஎல் வைத்த பிறகு இரவில் தெரியும் ஒளிவட்டம்: முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் ஐசிஎல் லென்ஸை வலது கண்ணில் வைத்து மூன்றாவது ராத்திரி. மொட்டை மாடியில் நின்று தெருமுனை எல்.இ.டி விளக்கைப் பார்த்தேன். விளக்கைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று, காம்பஸ் வைத்து வரைந்தது போலக் கச்சிதமாக நின்றது. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் 'அகல வட்டம் பகல் மழை' என்று எங்கள் பாட்டி சொல்வார். அந்த வட்டத்தைவிட இது கூர்மையாக இருந்தது. கண்ணைச் சிமிட்டினேன், போகவில்லை. தலையைச் சாய்த்தேன், வளையமும் கூடவே நகர்ந்தது. வலி எதுவும் இல்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருந்த எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது.

ஒரு வாரம் கழித்து இடது கண்ணிலும் வைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். வாசல் பல்பைச் சுற்றி வேறு மாதிரி ஒரு வட்டம். உள்ளே நீலம், வெளியே சிவப்பு, வானவில்லை வளைத்து வைத்தது போல. பார்வை புகை மூட்டமாக இருந்தது. இடது புருவத்துக்கு மேல் பிடித்து இழுக்கிற வலி. அம்மா தோசை கொண்டுவந்தார், அந்த வாசனைக்கே குமட்டியது. மருத்துவமனைக்குப் போன் செய்ததும் உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். கண் அழுத்தம் 36 இருந்தது. 10 முதல் 21 வரைதான் இயல்பு.

ஒரே ஆள், ஒரே வகை லென்ஸ், ஆனால் வட்டம் இரண்டு. ஒன்று கண் பழகிக்கொள்ள வேண்டியது, மற்றொன்று அன்று இரவே கவனிக்க வேண்டியது. ஐசிஎல் வைத்தவர்களிடம் "ஒளிவட்டம் தெரியுமே, சரியாகிவிடும்" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த வட்டம் என்று கேட்பவர்கள் குறைவு. நான் மருத்துவர் இல்லை. மைனஸ் 9.5 பவரோடு பதினெட்டு வருடம் கண்ணாடி போட்டுவிட்டு இந்த லென்ஸுக்கு வந்தவன். உங்கள் வட்டத்தை நீங்களே இனம்பிரித்து, டாக்டரிடம் சரியாக விவரிக்க இந்தக் கட்டுரை உதவ வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

படி 1: கண்ணுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லேசிக் சிகிச்சையில் லேசர், கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலத்தை, சீவி அதன் வளைவை மாற்றுகிறது. ஐசிஎல் அப்படியில்லை. கருவிழியின் ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு கீறல் போட்டு, சுருட்டிய மெல்லிய லென்ஸை உள்ளே செலுத்துகிறார்கள். அது விரிந்து, கண்ணின் நிறமுள்ள திரையான ஐரிஸுக்குப் பின்னாலும், நாம் பிறந்ததிலிருந்து இருக்கும் இயற்கை லென்ஸுக்கு முன்னாலும் உட்கார்ந்துகொள்கிறது. இயற்கை லென்ஸை யாரும் தொடுவதில்லை. கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்டார் சர்ஜிக்கல் நிறுவனத்தின் ஐசிஎல்லுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ முதலில் அனுமதி கொடுத்தது 2005 டிசம்பரில். அந்தப் பழைய மாடல்களில், கண்ணுக்குள் சுரக்கும் நீர் தடையில்லாமல் ஓடுவதற்காக ஐரிஸின் மேல் ஓரத்தில் லேசரால் ஓட்டை போட வேண்டியிருந்தது. ஜப்பானிய கண் மருத்துவர் கிமியா ஷிமிசு, அந்த ஓட்டையை லென்ஸின் நடுவிலேயே வைத்துவிடலாம் என்று வழி கண்டார். குறுக்களவு 0.36 மில்லிமீட்டர். அந்தத் துளைக்கு 'கே.எஸ் அக்வாபோர்ட்' என்று பெயர், அதில் வரும் 'கே.எஸ்' அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். துளையுள்ள லென்ஸ் ஐரோப்பாவில் 2011-லேயே வந்துவிட்டது, அமெரிக்காவில் 2022 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் வதோதராவைச் சேர்ந்த கேர் குரூப் தயாரிக்கும் ஐபிசிஎல் லென்ஸும் நிறையப் பேருக்கு வைக்கப்படுகிறது. அதிலும் துளைகள் உண்டு.

இந்தத் துளையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், நான் மொட்டை மாடியில் பார்த்த வெள்ளை வளையத்தின் பிறப்பிடமே அதுதான். விளக்கிலிருந்து சாய்வாக வரும் ஒளியில் கொஞ்சம் துளையின் உள்சுவரில் பட்டுத் திசைமாறி, விழித்திரையில் வளையமாகவோ பிறை வடிவமாகவோ விழுகிறது. லென்ஸ் பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கண் அழுத்தம் ஏறாமல் காக்கும் அதே துளைக்கு இப்படி ஒரு பக்கவிளைவு.

படி 2: வட்டத்தை இனம்பிரியுங்கள்

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இருட்டு அறையில் மூன்று நான்கு மீட்டர் தள்ளி ஒரு சின்ன விளக்கு இருந்தால் போதும். போன் டார்ச்சை வெள்ளைத் துணியால் மூடி அலமாரி மேல் வைத்துக்கொள்ளலாம். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே கிட்டத்தில் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு கண்ணாக, மற்ற கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு பாருங்கள். பத்து நாள் ஆகாத கண்ணைக் கையால் தொடவே வேண்டாம், ஒரு அட்டையை முன்னால் பிடித்தால் போதும்.

மெல்லிய, கூர்மையான, வெள்ளை வளையமா? சிமிட்டினாலும் மாறவில்லையா? தலையையோ விளக்கையோ நகர்த்தினால் கூடவே நகர்கிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் துளை வளையம். சூப்பர் மார்க்கெட்டிலும் லிஃப்டுக்குள்ளும் மேல்கூரை விளக்குகள் சாய்வாக விழும்போது, பகலிலேயே பிறை வடிவில் இது எட்டிப் பார்க்கும். முதல் சில வாரம் தொந்தரவாக இருக்கும், அப்புறம் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகிவிடுகிறது. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் நம் காதில் விழாமல் போவது போலத்தான்.

விளக்கைச் சுற்றி அகலமாக, பஞ்சு ஒட்டியது போல மங்கலான வெளிச்சமா? இருட்டு கூடக்கூடப் பெரிதாகிறதா? அறை விளக்கைப் போட்டதும் சட்டென்று சுருங்குகிறதா? இது கண்மணியின், அதாவது ஐரிஸின் நடுவில் ஒளி நுழையும் திறப்பின், அளவால் வருவது. பகலில் நம் கண்மணி 2 முதல் 4 மில்லிமீட்டர் வரைதான் திறந்திருக்கும். இளம் வயதினருக்கு நல்ல இருட்டில் 7, சிலருக்கு 8 வரைகூட விரியும். லென்ஸில் பவர் உள்ள நடுப்பகுதியோ 4.9 முதல் 6.1 மில்லிமீட்டருக்குள்தான், மாடலையும் பவரையும் பொறுத்து மாறும். கண்மணி அதைத் தாண்டி விரியும்போது, லென்ஸின் ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் ஒளி நுழைந்துவிடுகிறது. அந்த ஒளியைப் பொறுத்தவரை உங்களுக்கு இன்னும் அதே பழைய மைனஸ் 9.5தான். தெளிவான படத்தின் மேல் கண்ணாடி போடாத பழைய படமும் மெல்லிதாகப் படிகிறது, அதைத்தான் பஞ்சு வட்டமாகப் பார்க்கிறோம். அதிக பவர் உள்ள லென்ஸில் இந்த நடுப்பகுதி சிறியதாக இருப்பதால், மைனஸ் 12, 14 என்று இருந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வாய்ப்புண்டு.

கதிர் கதிராக நட்சத்திரம் போலத் தெறிக்கிறதா? ஒவ்வொரு சிமிட்டலுக்கும் வடிவம் மாறுகிறதா? அப்படியானால் முதலில் கண் வறட்சியைச் சந்தேகப்படுங்கள். டாக்டர் கொடுத்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். குறைந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்த நட்சத்திரங்களில் பாதி இந்த வகைதான். நாள் முழுக்க ஏசி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் சிமிட்டாமல் உட்கார்ந்துவிட்டு, இரவில் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளக்கு ஒரு பக்கமாக மட்டும் இழுபடுகிறதா? எழுத்துக்கு நிழல் விழுந்து இரண்டாகத் தெரிகிறதா? மற்ற கண்ணை மூடியும் அந்த நிழல் போகவில்லையா? மிச்சம் இருக்கும் பவரோ, கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் சிலிண்டர் பவரோ காரணமாக இருக்கலாம். சிலிண்டர் உள்ளவர்களுக்கு வைக்கும் டோரிக் லென்ஸை ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் உட்கார வைப்பார்கள். நேற்றுவரை தெளிவாக இருந்த கண் இன்று திடீரென்று நிழல் காட்டினால், லென்ஸ் கொஞ்சம் சுழன்றிருக்கலாம். உயிர் போகிற அவசரம் இல்லை, ஆனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். திரும்பச் சரியான கோணத்துக்குத் திருப்பி வைக்க முடியும்.

இனி வானவில் வட்டம். உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாக நிறம் பிரிந்து தெரிகிறது, கூடவே மங்கல், கண்வலி, தலைவலி, குமட்டல், கண் சிவப்பு இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறது என்றால் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் சரி. ஆபரேஷனின்போது கண்ணுக்குள் இடம் உண்டாக்க ஒரு ஜெல் செலுத்துவார்கள். முடிவில் அதைக் கழுவி எடுத்தாலும் கொஞ்சம் தங்கிவிட்டால் நீரோட்டம் அடைபட்டு அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கருவிழியில் நீர் கோத்து, அதன் நுண்ணிய துளிகள் ஒளியை நிறம்பிரித்துக் காட்டும். எனக்கு நடந்தது இதுதான். அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டும் மாத்திரையும் கொடுத்து, இரவு பதினொன்றரைக்கு 22-க்குக் கொண்டுவந்தார்கள். மாத்திரையால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல மரத்தது, அது தெரிந்த பக்கவிளைவுதான். காலையில் வாசல் பல்பைப் போட்டுப் பார்த்தேன். வானவில் இல்லை.

ஆபரேஷன் நடந்த அன்றே சில மணி நேரம் உட்கார வைத்து, அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்புவதும், மறுநாள் காலையில் கட்டாயம் வரச் சொல்வதும் இதற்காகத்தான். ஊர் தூரம் என்று அன்றைக்கே பஸ் ஏறிவிடாதீர்கள். முதல் இரவு மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குங்கள்.

இன்னொன்று, இது வட்டமே அல்ல. இருட்டில் கண்ணை அசைக்கும்போது ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல ஒளி, திடீரென்று மிளகைக் கொட்டியது போலக் கரும்புள்ளிகள், ஒரு பக்கம் திரை இறங்குவது போல மறைப்பு. இவை விழித்திரை கிழிவதற்கான, பிரிவதற்கான அறிகுறிகள். லென்ஸ் வைத்ததும் கண்ணாடிதான் போயிற்று, நீண்டு வளர்ந்த கண்பந்து அப்படியேதான் இருக்கிறது, கிட்டப்பார்வைக்காரர்களுக்கு உள்ள விழித்திரை அபாயமும் அப்படியேதான். இதையும் வெறும் ஒளிவட்டம் ('ஹேலோ') என்று நினைத்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

படி 3: முதல் இரண்டு வாரம் எதையும் முடிவுகட்டாதீர்கள்

முதல் இரவு தெரியும் வட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். கண்மணியை விரிக்க விட்ட சொட்டின் வேகமே முழுதாக இறங்கியிருக்காது. கீறல் ஆற வேண்டும், கருவிழியில் உள்ள லேசான வீக்கம் வடிய வேண்டும். இந்த நாட்களில் இரவு வெளிச்சம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், வலியும் நிறமும் இல்லாதவரை, அது உங்கள் கண்ணின் நிரந்தர நிலை அல்ல.

சொட்டு மருந்தைக் கொடுத்த அட்டவணைப்படியே விடுங்கள், குறைக்கச் சொன்ன நாளில் குறையுங்கள். நம்மூரில் ஒரு பழக்கம் இருக்கிறது. மருந்துச் சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அதே சொட்டைத் திரும்பத் திரும்ப வாங்கி, கண் கொஞ்சம் உறுத்தினாலும் விட்டுக்கொள்வது. அந்தப் பாட்டிலில் இருப்பது ஸ்டீராய்டு. சிலருக்கு அது இரண்டு மூன்று வாரத்தில் வலியே இல்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் இரண்டாம் வாரச் செக்கப்பையும் முதல் மாதச் செக்கப்பையும் "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

கண்ணைத் தேய்க்கக் கூடாது, தலைக்குக் குளிக்கும்போது சோப்புத் தண்ணீர் இறங்கக் கூடாது, மை வேண்டாம், நீச்சல் வேண்டாம். இதெல்லாம் உங்களுக்கு அச்சிட்டே கொடுத்திருப்பார்கள். அதைச் சொன்னபடி செய்தால் போதும்.

படி 4: ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதிகம் உதவியது இதுதான். வாரம் ஒரு நாள், ஒரே விளக்கு, ஒரே தூரம், ஒரே நேரம். வலது கண்ணுக்கு ஒரு கட்டம், இடது கண்ணுக்கு ஒரு கட்டம் போட்டு, தெரிவதைப் பென்சிலால் வரையுங்கள். பக்கத்தில் மூன்றே குறிப்பு: நிறம் உண்டா, சிமிட்டினால் மாறுகிறதா, 10-க்கு எத்தனை தொந்தரவு.

என் நோட்டில் இரண்டாம் வாரம் வலது கண்ணுக்கு 8 என்று இருக்கிறது. ஆறாம் வாரம் 5. ஆபரேஷன் ஆவணியில் நடந்தது. கார்த்திகை தீபத்தன்று வாசல்படியில் அம்மா 27 அகல் ஏற்றி வைத்தார். கேட்டுக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்தேன். எந்தச் சுடரிலும் தானாக வளையம் தெரியவில்லை, தேடிப் பார்த்தபோது நான்கில் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. அன்றைக்கு 2 என்று எழுதியிருக்கிறேன். நோட்டு இல்லையென்றால், ஒரு மோசமான இரவுப் பயணத்துக்குப் பிறகு எதுவுமே குறையவில்லை என்றுதான் நினைத்திருப்பேன்.

டாக்டரிடம் போகும்போதும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். "லைட்டைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கு" என்றால் அவருக்கு எதுவும் புரியாது. படத்தைப் பார்த்ததுமே என் டாக்டர், "இது துளை, இது வறட்சி" என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

படி 5: வண்டி

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகும், முதல் சில இரவுகள் பின்சீட்டில் உட்கார்ந்து போங்கள். எதிரே ஆம்னி பஸ் ஹை பீமோடு வரும்போது, அது கடந்து போன அடுத்த நொடி ரோட்டோரம் நடப்பவரை உங்களால் பார்க்க முடிகிறதா? நீங்களே உங்களிடம் நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. முடியவில்லை என்றால் சாவியை வாங்காதீர்கள். நான் இரண்டு மாதம் இரவில் பைக்கைத் தொடவில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வந்தேன், அல்லது மச்சான் வந்து கூட்டிப்போனார்.

திரும்ப ஓட்டத் தொடங்கும்போது தெரிந்த ரோட்டில், மழையில்லாத நாளில், தெருவிளக்கு உள்ள பாதையில் தொடங்குங்கள். ஈர ரோடு ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்கிவிடும். எதிர் வண்டி வரும்போது அதன் விளக்கைப் பார்க்காமல், பார்வையை இடது ஓரக் கோட்டுக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறையுங்கள்.

அப்புறம், கண்ணுக்கு வெளியே இருக்கும் கண்ணாடிகள். ஹெல்மெட் வைசரில் கீறல் விழுந்திருந்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு கதிர். நாள்பட்ட வைசரை மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை. இரவில் கருப்பு வைசர் கூடவே கூடாது. காரில் முன்கண்ணாடியை வெளியே மட்டும் துடைக்கிறோம், உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படிந்திருக்கும், விரலால் இழுத்துப் பாருங்கள் தெரியும். அதை ஈரத்துணியாலும் அப்புறம் காய்ந்த துணியாலும் துடைத்த அன்றிரவு, என் வட்டங்களில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். இரவில் அதைத் தட்டிவிட்டால் பின்வண்டி வெளிச்சம் மங்கிவிடும். போன் ஸ்டாண்டில் மேப் ஓடினால் அதன் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள்.

'நைட் டிரைவிங்' என்று சொல்லி விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்க வேண்டாம். அது வெளிச்சத்தோடு சேர்த்து, நாம் பார்க்க வேண்டிய ஆளையும் மங்கலாக்குகிறது. 2019-ல் டிரைவிங் சிமுலேட்டரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்வெளிச்சம் இருக்கும்போது நடந்து செல்பவரைக் கண்டுபிடிக்க மஞ்சள் கண்ணாடி உதவவில்லை.

படி 6: மூன்று மாதம் கழித்தும் குறையவில்லை என்றால்

பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வட்டங்கள் மங்கி, தேடினால்தான் தெரியும் என்ற நிலைக்கு வருகின்றன. சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் "பழகிக்கோங்க" என்ற ஒற்றைப் பதிலோடு நீங்கள் திரும்பி வர வேண்டியதும் இல்லை. கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள் இருக்கின்றன.

மிச்சப் பவர் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பகலில் தொந்தரவே தராத மைனஸ் 0.5, இருட்டில் நன்றாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கண் இயல்பாகவே கொஞ்சம் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்வதும் உண்டு. சோதனை லென்ஸைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்த அறையில் ஒரு சின்ன வெளிச்சத்தைப் பாருங்கள். வட்டம் சுருங்கினால் இரவு ஓட்டத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய கண்ணாடி போதும். "மறுபடி கண்ணாடியா" என்று எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இடது கண்ணுக்கு 0.5 போட்டுப் பார்த்த அன்று அந்த வருத்தம் போய்விட்டது. டேஷ்போர்டில் கிடக்கிறது, நெடுந்தூரம் போனால் மாட்டிக்கொள்கிறேன்.

அடுத்தது வால்ட். லென்ஸுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. 250 முதல் 750 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை இருப்பதை நல்ல அளவு என்கிறார்கள். ரொம்பக் குறைந்தால் இயற்கை லென்ஸின் முன்பக்கம் புரை விழ வாய்ப்பு, அந்தப் புரையே கண்கூச்சத்தைக் கூட்டும். ரொம்ப அதிகமானால் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டு நீர் வடியும் கோணம் குறுகும். ஸ்கேனில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். லென்ஸின் நீளம் கண்ணுக்குப் பொருந்தாமல் போயிருந்தால் வேறு அளவில் மாற்றி வைப்பதும் நடக்கிறது.

டோரிக் லென்ஸின் கோணம், கண் வறட்சி, கண் அழுத்தம், விழித்திரை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்து, இருட்டில் விரியும் கண்மணிதான் காரணம் என்று உறுதியானால், கண்மணியை லேசாகச் சுருக்கும் சொட்டுகளைச் சில டாக்டர்கள் இரவு ஓட்டத்துக்கு முன் விடச் சொல்வார்கள். பிரிமோனிடின் அதில் ஒன்று, அது முதலில் கண் அழுத்தத்துக்கான மருந்து. பைலோகார்பினும் கண்மணியைச் சுருக்கும். ஆனால் அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அதனால் விழித்திரை பிரியும் அபாயம் உண்டு என்பதால், முதலில் விழித்திரையின் ஓரம் வரை பார்த்தாக வேண்டும். நண்பர் விடுகிறார் என்று நீங்களாக வாங்கி விடக்கூடிய சொட்டு அல்ல இது.

எதுவும் உதவவில்லை, வாழ்க்கையே கெடுகிறது என்றால் லென்ஸை எடுத்துவிடவும் முடியும். அது இன்னொரு ஆபரேஷன், பழைய பவரும் திரும்பி வரும். கடைசி வழியாக அது இருக்கிறது என்று தெரிந்திருந்தாலே பல பேருக்குப் பதற்றம் குறைகிறது.

இன்னும் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு

ஆலோசனைக்குப் போகும் நாளிலேயே நான்கு விஷயம் கேளுங்கள். இருட்டில் என் கண்மணி எத்தனை மில்லிமீட்டர் விரிகிறது? எனக்கு வைக்கப்போகும் லென்ஸில் பவர் உள்ள பகுதி எத்தனை? துளை உள்ளதா, பழைய மாடலா? வால்ட் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள்? முதல் இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் வைத்து மிரள வேண்டாம். வெளியிலிருந்து அளக்கும்போது கருவிழி ஒரு பூதக்கண்ணாடி போல வேலை செய்வதால், கண்மணி உண்மை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அந்த இடைவெளி அதிகமாக இருந்தால் டாக்டரே அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

இப்போதே, கண்ணாடியோடும் கான்டாக்ட் லென்ஸோடும், உங்கள் தெருவிளக்கு எப்படித் தெரிகிறது என்று வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை. பழைய தடிக் கண்ணாடியின் ஓரத்தில் எத்தனை வெளிச்சம் சிதறியது என்பதை முழுதாக மறந்துவிட்டு, புதிய வளையத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரவு லாரி, டாக்சி, ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்கள் தங்கள் வேலையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். லீவு எத்தனை வாரம் தேவைப்படும் என்பதிலிருந்து எந்த லென்ஸ் என்பதுவரை அது மாற்றலாம்.

கடைசியாக ஒரு அட்டை

ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் மாடல், பவர், நீளம், வரிசை எண் எழுதிய அட்டை ஒன்று கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போனில் ஒரு பிரதி, வீட்டில் ஒருவரிடம் ஒரு பிரதி வையுங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த கண் அளவு ரிப்போர்ட்டுகளையும் அதோடு சேர்த்து வையுங்கள். வருடம் ஒரு முறை கண் அழுத்தம், வால்ட், கருவிழியின் உட்புறச் செல் எண்ணிக்கை, விழித்திரை பார்க்கப் போகும்போது அந்த எண்களோடுதான் ஒப்பிடுவார்கள். வயதாகும்போது மற்றவர்களைப் போல நமக்கும் புரை விழலாம், அன்றைக்கு இந்த லென்ஸை எடுத்துவிட்டுப் புரை லென்ஸ் வைப்பார்கள். அந்த டாக்டர் முதலில் கேட்கப்போவது இந்த அட்டையைத்தான். என்னுடையது ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில், பென்சில் வட்டங்கள் நிறைந்த அந்த நோட்டோடு இருக்கிறது.